லினக்ஸ்ல தமிழ் சாஃப்ட்வேர் பண்றவங்களுக்கு: பைசைட்6 (பைத்தான்ல விண்டோ, பட்டன்லாம் பண்ற லைப்ரரி) எப்படி இருக்கு?

மாமாவோட மளிகைக்கடைக்கு ஒரு கடன் நோட்டு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தேன். யாரு எவ்ளோ பாக்கி, எப்ப கட்டுனாங்க, அவ்ளோதான், ஆனா எல்லாமே தமிழ்ல இருக்கணும்னாரு. கடையில இருக்கறது உபுண்டு போட்ட பழைய கம்ப்யூட்டர்.

மொதல்ல பைத்தான்ல டிகின்டர்ங்கற இன்னொரு லைப்ரரி வச்சு ஆரம்பிச்சேன், கத்துக்க சுலபம், உபுண்டுல ஒரு சின்ன பேக்கேஜ் மட்டும் தனியா போடணும், மத்தபடி ஒரு சாயங்காலத்துல ஃபார்ம் ரெடி. ஓட்டிப் பாத்தா செல்வம்ங்கற பேருல ஒற்றைக்கொம்பு ச-வுக்குப் பின்னாடி போய் நிக்குது! ஃபான்ட் தப்போன்னு மூணு நாலு மாத்திப் பாத்தேன், அது இல்ல. யூனிகோட்ல ச-வ மொதல்ல வச்சுட்டுதான் கொம்ப வைப்போம், அத முன்னாடி இழுத்து வரையறது ஷேப்பிங் வேலை, டிகின்டருக்கு அடியில இருக்கற டிகே 8.6 லினக்ஸ்ல அத செய்யாது. விண்டோஸ்ல சரியா வரும், அதனாலயே நெறைய பேருக்கு இது தெரியறதில்ல.

அப்புறம்தான் பைசைட்6. அதுக்கு அடியில இருக்கற கியூட் லைப்ரரிக்குள்ளயே ஷேப்பிங் பண்ற ஹார்ஃப்பஸ் இருக்கு, செல்வம் செல்வமாவே வந்துச்சு, கொ, கௌ எல்லாம் சுத்தம். அதுக்கு மேல எனக்கு ரொம்பப் புடிச்சது டேபிள். திரையில டேபிள காட்டற கியூடேபிள்வியூவுக்கு ஒரு மாடல் (டேட்டாவ எடுத்துக் குடுக்கறது) எழுதி நடுவுல ஒரு சார்ட்ஃபில்டர்ப்ராக்ஸி (வரிசைப்படுத்தி வடிகட்டறது) வச்சா போதும், ரெண்டு எழுத்து அடிச்ச உடனே அந்தப் பேருங்க மட்டும் நிக்குது, தேடறதுக்குன்னு தனியா பெருசா கோட் கெடையாது. இந்த மாடல்-வியூ தலையில ஏற எனக்கு ஒரு வாரம் ஆச்சு, புதுசா வர்றவங்க மொதல்ல டேட்டாவையும் தனக்குள்ளயே வச்சுக்கற கியூடேபிள்விட்ஜெட்டே எடுத்துக்கோங்க.

கியூட்ட பைத்தான்ல பயன்படுத்த இருக்கற இன்னொரு லைப்ரரி பைக்யூட்டி6-ம் கிட்டத்தட்ட இதேதான், கோடும் பெருசா மாறாது. ஆனா அது ஜிபிஎல் லைசென்ஸ், நம்ம சோர்ஸ் கோட குடுக்காம விக்கணும்னா காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும். பைசைட் எல்ஜிபிஎல்லயும் (நம்ம சோர்ஸ குடுக்கணும்னு கட்டாயப்படுத்தாத லைசென்ஸ்) கெடைக்குது, 2018 கடைசில இருந்து கியூட் கம்பெனியே அதிகாரப்பூர்வமா வெளியிடறாங்க. நாளைக்கு பக்கத்துக் கடைக்காரர் கேட்டா யோசிக்காம குடுக்கலாம்ல.

குறைன்னா சைஸ். இத்துனூண்டு ப்ரோக்ராமையும் பேக் பண்ணா பல பத்து எம்பி வந்துடுது, பைசைட்6-எசென்ஷியல்ஸ்ங்கற அடிப்படை பேக்கேஜ் மட்டும் போட்டா கொஞ்சம் குறையும். இன்னொன்னு, பேக்கப் மாதிரி நேரம் புடிக்கற வேலைய திரைய ஓட்டற மெயின் த்ரெட்லயே ஓட்டுனா விண்டோ அப்படியே உறைஞ்சுடும், தனியா ஓடற கியூத்ரெட்டுக்குத் தள்ளிட்டு, அங்கருந்து வர்ற சிக்னல் மூலமா மட்டும் திரைய மாத்துங்க.

மாமா இப்ப பேப்பர் நோட்ட எடுத்து வச்சுட்டாரு, பேரு தப்பா தெரியுதுன்னு இதுவரைக்கும் ஒரு ஃபோன் வரல.