பழைய போலோ ஜிடி: விலைக்கு முன்னாடி இன்சூரன்ஸ் பிரீமியம்தான் கேட்டேன்

என் போலோவை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா சிலர் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். தரையோட ஒட்டிப் போற ரெண்டு கதவு வண்டியெல்லாம் பர்கூர் பக்கத்து வேகத்தடையில வயிறு இடிச்சு நிக்கும். ஜவுளிக்கடைக்காரனுக்குக் கட்டுப்படியாகிற வேகம்னா டர்போ ஹேட்ச்பேக்தான். நான் வாங்கினது வோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2021 மாடல், ஓசூர்ல ஒரே ஓனர் ஓட்டினது. எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ முடிஞ்சது.

முதல்ல கண்ணு போனது ஃபியட் அபார்த் புன்ட்டோ மேல. 145 குதிரைசக்தி, ஆசை யாரை விட்டது? ஆனா ஃபியட் இந்தியாவை விட்டே போயாச்சு, ஒரு ஹெட்லைட் உடைஞ்சா ஊரெல்லாம் சொல்லி வெச்சுக் காத்திருக்கணும். ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் இன்னும் பெரிய ஆசை. அதோட இன்ஜின் 1,984 சிசி. தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகிற சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ், அந்த பிரீமியம் மட்டுமே வருஷத்துக்கு 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது அரசு வெச்ச ரேட்டு, எந்த ஏஜென்ட்கிட்டயும் பேரம் நடக்காது. 2022 ஜூன்ல வந்த அட்டவணைப்படி 1,000 சிசி வரைக்கும் 2,094, 1,500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல போனா 7,897.

அந்த அட்டவணை சிசியை மட்டும்தான் பார்க்கும், வண்டி எவ்வளவு பாயும்னு கேக்காது. 2020க்கு முந்தின போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197 சிசி, 105 குதிரைசக்தி. அதுக்கப்புறம் வந்தது 999 சிசி, 110 குதிரைசக்தி. பாய்ச்சல் கூடுது, பிரீமியம் ஒரு படி இறங்குது! பழசுல ரெண்டு கிளட்ச் வெச்ச டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேற. ஊர்ந்து போற டிராஃபிக்ல உதறல் வர ஆரம்பிச்சு அதைக் கட்டுப்படுத்துற மெக்கட்ரானிக் யூனிட் போச்சுன்னா பில்லு லட்சத்தைத் தொடும். புதுசுல சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். போலோ 2022லயே நின்னுட்டாலும் இதே 1.0 டிஎஸ்ஐ இன்ஜின் டைகன், விர்டஸ்ல இன்னைக்கும் ஓடுது. அதனால இன்ஜின் பார்ட்ஸ் பத்தி எனக்குப் பயமில்ல.

பெங்களூர்ல இதே வண்டி விலை குறைவாத்தான் கிடைச்சுது. ஆனா கேஏ (கர்நாடகப் பதிவு) வண்டின்னா அங்க ஆட்சேபணை இல்லைன்னு என்ஓசி வாங்கி, இங்க மறுபதிவு பண்ணி, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்த லாபம் கரைஞ்சிடும். இன்சூரன்ஸ் கணக்குல பெங்களூர் ‘ஏ’ மண்டலம், நம்ம ஊர் ‘பி’ மண்டலம், அதனால இங்க பிரீமியம் கம்மின்னு பெருசா சொல்றாங்க. கணக்குப் போட்டா சில நூறு ரூபாய்தான். டிஎன் 70 (ஓசூர் பதிவு) வண்டியா எடுத்தது அலைச்சல் மிச்சத்துக்குத்தான்.

வண்டி பார்க்கப் போனா பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி பழைய பாலிசியைக் கேளுங்க. அதுல நோ கிளெய்ம் போனஸ்னு, கிளெய்ம் கேக்காம இருந்ததுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி, ஒரு கட்டம் இருக்கும். ஒரே ஓனர், நாலு வருஷ வண்டி, ஆனா போனஸ் பூஜ்யம்னா, பெரும்பாலும் சமீபத்துல ஏதோ ஒரு கிளெய்ம் நடந்திருக்குன்னு அர்த்தம். எங்க இடிச்சீங்கன்னு நேரா கேட்டுடலாம். ஓசூர்ல முதல்ல பார்த்த ஒரு பழைய கார் கன்சல்டிங்ல அந்தக் கட்டம் பூஜ்யம். “லைட்டா பம்பர் மட்டும் சார்”னாங்க. கூட வந்த மெக்கானிக் அண்ணன் டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்பேர் வீல் குழியில விரலை ஓட்டினார். சீலன்ட் புதுசா, கோணல்மாணலா பூசியிருந்துச்சு, பின்பக்கம் அடிபட்டு வேலை பார்த்த அடையாளம். “தம்பி, கிளம்பலாம்”னுட்டார்.

இன்னொரு இடத்துல, “வண்டிக்கு 50 சதவீத போனஸ் இருக்கு, அப்படியே உங்களுக்கு வந்துடும்”னு கதை விட்டாங்க. வராது. போனஸ் ஓனருக்குத்தான், வண்டிக்கு இல்ல. நான் ஸ்விஃப்டை மச்சானுக்குக் கொடுத்தப்போ, ஆர்சி மாறின நகலைக் காட்டி என் 45 சதவீதத்துக்கு லெட்டர் வாங்கி வெச்சிருந்தேன். மூணு வருஷம் செல்லும். பெரிய மிச்சமே அதுதான். தேர்ட் பார்ட்டிக்கு இது ஒட்டாது, நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துல மட்டும் கழியும். பேர் மாத்தின 14 நாளுக்குள்ள பாலிசியையும் மாத்திடணும். கடை ஆம்னி வேன் பாலிசியிலேயே என் பேர்ல 15 லட்சம் விபத்துக் காப்பு இருக்கு, இங்க திரும்ப எடுக்கல.

ஐடிவியை, அதாவது பாலிசியில போடுற வண்டி மதிப்பை, குறைச்சா பிரீமியம் குறையும்னு ஏஜென்ட் சொன்னார். வண்டி மொத்தமா போனா வர்ற பணமும் குறையுமே, வேண்டாம்னுட்டேன். இன்ஜின் சேதத்துக்குத் தனியா சேர்க்கிற இன்ஜின் புரொடெக்ட் காப்பையும் வெட்டல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் மழையில ஊத்தங்கரைல பஸ்ஸு, கார் எல்லாம் வெள்ளம் அடிச்சுட்டுப் போனதைப் பார்த்த ஜில்லா இது. தண்ணி புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்தா சாதாரண பாலிசி தராது. கடை வாசல்ல பம்பர் உரசினப்போ கிளெய்ம் பக்கமே போகல, டிங்கரிங் கடையில கைக்காசு கொடுத்தேன். அந்தச் சின்ன பில்லுக்கு 45 சதவீதத்தை யார் விடுவா? இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்திப் பவர் கூட்டுற ரீமேப் பண்ணித் தர்றோம்னு வர்றவங்களுக்கும் வேண்டாம்னுதான் பதில். கம்பெனிக்குச் சொல்லாம பண்ணினா கிளெய்ம் அன்னைக்கு அதையே காட்டிக் கைவிரிப்பாங்க.

ஓட்டுறதுக்கு? காவேரிப்பட்டணம் தாண்டி தர்மபுரி ரோட்ல லாரியை ஓவர்டேக் பண்ண மிதிச்சா, அரை நொடி யோசிச்சுட்டு ஒரே இழுப்பு. தொப்பூர் இறக்கத்துல ஸ்டியரிங் கனமா, நம்பிக்கையா இருக்கு. அங்க வேகம் காட்டுறவன் முட்டாள், அது வேற. ஹைவேயில லிட்டருக்கு 15 வருது, பர்கூர் சந்தை நாள்ல பத்தைத் தாண்டாது. பின் சீட் சின்னது. “மாமாவுக்கு முட்டி இடிக்குதுங்க”ன்னு வீட்டுல சொல்லியாச்சு, அவர் இனி முன் சீட்தான். டிக்கியில துணி மூட்டை ரெண்டு போகும், மூணாவதுக்கு ஆம்னியை எடுக்கணும்.