பர்மா பஜாரில் வாங்கிய டிவிஆர் செர்பேரா: மாடல் காரும் மறைந்துபோன கம்பெனியும்

பாரிமுனையை அடுத்த பர்மா பஜாரில், கைப்பேசி உறைகளுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே மாடல் கார்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு சிறு கடையில், டிவிஆர் என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியின் செர்பேரா காருக்கான 1:43 அளவு (அசலில் 43இல் ஒரு பங்கு) மாடல் ரூ.1,800க்குக் கிடைத்தது. கடைக்காரர் ரூ.2,500இல் தொடங்கினார், பேரம் பேசக் கூச்சப்படுபவர்கள் அந்த வரிசைப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

வேலைப்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. அசல் செர்பேராவின் கதவில் கைப்பிடி கிடையாது, பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிக்கு அடியிலுள்ள பொத்தானை அழுத்தித்தான் திறக்க வேண்டும் என்பதால், மாடலின் கதவும் வழவழப்பாகவே விடப்பட்டிருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே தனியாக அமைந்த சிறு மீட்டர்களைக்கூட மறக்காமல் வைத்திருக்கிறார்கள். இடது முகப்பு விளக்கின் ஓரத்தில் பசை வழிந்திருப்பதும், பக்கக் கண்ணாடிகள் தடித்திருப்பதும்தான் உறுத்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்த மாடலின் உடல் முழுக்க உலோகம். அசல் காரின் உடலோ, காசிமேட்டுப் படகுகளைப் போல, அச்சில் கண்ணாடி இழையை விரித்து ரெசின் பூசி உருவாக்கிய ஃபைபர்.

ட்ரெவர் வில்கின்சன் 1947இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் தொடங்கிய இந்தக் கம்பெனி பல கைகள் மாறி, 1981இல் பீட்டர் வீலரிடம் வந்த பிறகே உச்சம் தொட்டது. எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையின் பெயரில் பாதியைத் தந்த லேலண்ட் குழுமத்தின் கீழ் நெடுங்காலம் இருந்த ரோவர் கார் கம்பெனியின் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை வாங்கி, எடை குறைந்த ஃபைபர் உடலுக்குள் பொருத்தி, கிரிஃபித், கைமேரா போன்ற கார்களை டிவிஆர் விற்றது. இன்ஜினை உருவாக்கும் செலவு அடுத்தவருடையது என்பதுதான் அந்தச் சிறிய கம்பெனியின் உண்மையான பலம் என்பது என் கருத்து. ரோவர் 1994இல் பிஎம்டபிள்யூ கைக்குப் போனதும் சொந்த இன்ஜின் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1996இல் விற்பனைக்கு வந்த செர்பேராவே சொந்த வி8 இன்ஜினோடு வந்த முதல் டிவிஆர். பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் ஓட்டுநரை அசட்டையாக்கும் என்று வீலர் மறுத்ததை அப்போது துணிச்சல் என்றார்கள். எனக்கு அது வீம்பாகவே படுகிறது.

அடுத்து வந்த ஆறு சிலிண்டர் ஸ்பீட் சிக்ஸ் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை ஒட்டிய பாகங்கள் சீக்கிரமே தேய்ந்துபோக, வாரண்டியில் பழுது பார்த்துக் கொடுக்கும் செலவு கம்பெனியின் தலையிலேயே விழுந்தது. பெரிய கம்பெனிகள் தாங்கக்கூடிய அந்த அடியை ஆண்டுக்குச் சில நூறு கார்கள் விற்கும் கம்பெனி எப்படித் தாங்கும்? நிகோலாய் ஸ்மோலென்ஸ்கி என்ற ரஷ்ய இளைஞர் 2004இல் அதை வாங்கினார். 2006இல் பிளாக்பூலில் உற்பத்தி நின்றது. வேறொரு குழுவின் கைக்கு மாறி, 2017இல் புதிய கிரிஃபித் ஒன்று ஆரவாரமாகக் காட்சிக்கு வந்தது.

அந்தக் கதை தெரிந்தவர்களுக்கு ரூ.1,800 தாராளமாகத் தகும். குழந்தைகளுக்கு விளையாடத் தருவதானால் அது வீண் செலவு. விற்ற பொருளை அங்கே மாற்றித் தருவதில்லை என்பதால், கடையிலேயே பெட்டியைத் திறந்து, நான்கு சக்கரங்களும் சுழல்கின்றனவா, விளக்குகளில் பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.