காலிப்பர் மாற்றி 13 மாதம்: காலையில் பிடிக்கும் முதல் பிரேக்

குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "நீ போட்ட காலிப்பர் எப்படிடா கீது? என்னுதுலயும் பிஸ்டன் இறுகிப்போச்சு. அதையே வாங்கிடலாமா?" வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். காலிப்பர் என்பது பைக்கின் பிரேக் டிஸ்க்கை ரெண்டு பேடால் கவ்வி நிறுத்தும் பாகம்; உள்ளே இருக்கும் பிஸ்டன்தான் ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும்.

வண்டி 150 சிசி, 2016 மாடல், ஏபிஎஸ் கிடையாது, முன்னால் ஒரு டிஸ்க். காட்பாடியிலிருந்து திருவலம் வழியாக ராணிப்பேட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போன வருஷம் கத்திரி தொடங்கும் முன்பு பழைய காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டது. கம்பெனி காலிப்பர் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். வேலூரில் ஒரு ஸ்பேர் கடையில் மாற்றுக் காலிப்பர் 1,450 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கி மாட்டி 13 மாதம் ஆகிறது, 12,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வார்ப்பு சுத்தமாக இருந்தது. பழைய போல்ட் துளைகளில் அப்படியே உட்கார்ந்தது. பேட் படிந்த பிறகு, கிரீன் சர்க்கிள் நெரிசலில் ரெண்டு விரலால் பிடித்தாலே வண்டி நிற்கிறது. போன மாதம் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் பளபளப்பாகவே இருக்கிறது, துருவின் சாயல்கூட இல்லை. 1,450 ரூபாய்க்கு இது பெரிய விஷயம்.

ஆனால் காலையில் பிடிக்கும் அந்த முதல் பிரேக் இருக்கிறதே, அதுதான் முதல் மூணு மாதம் என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி நிறுத்திவிட்டு விடிந்ததும் லீவரைப் பிடித்தால், பஞ்சுத் தலையணையை அமுக்குவதுபோல கைப்பிடி வரைக்கும் போகும். ரெண்டாவது தடவை பிடித்தால் பாதியில் நிற்கும். மூணாவது தடவை கல்லு மாதிரி இருக்கும். மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். "இன்னாண்ணா, புது காலிப்பர், ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆய்டும்" என்றார். இதைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பேட் படிவதற்கு நாலு நாள் ஆகும், அது சரி. லீவர் பஞ்சாக இருப்பது ஓட்ட ஓட்டச் சரியாகிற விஷயம் இல்லை. அது உள்ளே காற்று இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

எப்படித் தெரிந்துகொள்வது? லீவரை அழுத்தி அப்படியே ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் லீவர் பக்கத்தில் இருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. இறங்காமல் நின்று, ரெண்டு மூணு தடவை அடித்தால் இறுகினால் பெரும்பாலும் காற்றுதான். என்னுடையது இறங்கவில்லை. ஆனால் காலிப்பர் நிப்பிளில், அதாவது காற்றை வெளியேற்றும் சின்னத் திருகில், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீரவில்லை. நிப்பிள் மேல்பக்கம்தான் இருந்தது, அதையும் பார்த்துவிட்டேன்.

காற்று கீழே இல்லை, மேலே இருந்தது. பழைய காலிப்பரைக் கழற்றியபோது ஆயில் வரும் ஹோஸை அடைக்காமல் தொங்கவிட்டிருந்தார்கள். பிரேக் ஆயில் முழுக்க வடிந்து, மாஸ்டர் சிலிண்டரே காலியாகிவிட்டது. அங்கே நுழைந்த காற்று ஹோஸின் மேல்முனையில், மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் போல்ட் பக்கத்து வளைவில் தங்கிவிட்டது. குமிழி மேலே ஏறத்தான் பார்க்கும். கீழே நிப்பிளைத் திறந்து மெதுவாக ஆயிலை இறக்கினால், அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஹாண்டில்பாரைத் திருப்பி, மாஸ்டர் சிலிண்டர் மேடாக நிற்கும்படி வைத்தேன். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, லீவரை கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, கட்டை அவிழ்த்து, லீவரை நுனி விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். அடியில் இருக்கும் ஊசித்துளை வழியாகக் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்து வெடித்தன. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மேல் போல்ட்டைச் சுற்றித் துணி வைத்து, லீவரை அழுத்திக்கொண்டே அரைச் சுற்று தளர்த்தி இறுக்கினேன். புஸ்ஸென்று நுரை வந்தது. அன்றையிலிருந்து முதல் பிடியே கல்லாக நிற்கிறது. துணி கட்டாயம் வேண்டும். இந்த ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், என் டேங்கில் எட்டணா அளவுக்கு உரிந்திருக்கிறது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தை மாதம் மனைவியோடு ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும் நேரத்தில் கருகின வாசனை வந்தது, லீவர் இளகிக்கொண்டே போனது. கியரைக் குறைத்துப் பின் பிரேக்கில் ஓரம் கட்டினேன். டிஸ்க்மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்ததும் சுர்ரென்றது. மனைவி ஒன்றும் பேசவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மௌனத்தை நான் மறக்கமாட்டேன்.

பிரேக்கை விட்டபிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, நாலு கிலோமீட்டர் ஓட்டிச் சக்கரம் இறுகினதும், நிப்பிளைச் சற்றுத் தளர்த்தினேன். அழுத்தம் மாட்டிக்கொண்டிருந்தால் ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபடும். அப்போது ஊசித்துளையோ ஹோஸோ அடைத்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். என் சக்கரம் விடுபடவில்லை. பிஸ்டனை அழுத்தினேன், அது சுலபமாக உள்ளே போனது. மிச்சம் ஸ்லைடு பின்கள்தான். காலிப்பர் ரெண்டு பின்களில் நகர்ந்தால்தான் ரெண்டு பேடும் சமமாக விலகும். கழற்றினால், சாதா கிரீஸ் பூசி, ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். ரப்பரை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் போட்டதும் பின் விரலால் தள்ளினாலே ஓடியது.

ஆயிலையும் மாற்றினேன். ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி வந்தாலும் லீவர் இளகிவிடும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் இழுத்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மூடி திறந்த பாட்டிலை வருஷக்கணக்கில் வைத்து ஊற்றும் கடைகள் நம் ஊரில் நிறைய. என் வண்டிக்கும் அப்படித்தான் ஊற்றியிருந்தார்கள்.

இப்போது பிரேக் அருமையாக இருக்கிறது. ஆனாலும் நண்பனுக்கு என் பதில், வாங்காதே. 1,450 ரூபாய் வாங்குகிறவன் பெட்டிக்குள் ஹோஸ் போல்ட்டில் கசிவை அடைக்க, பத்து இருபது ரூபாய்க்கு ரெண்டு செம்பு வாஷர் வைக்கவில்லை. பின்களுக்கு என்ன கிரீஸ் என்று ஒரு துண்டுச் சீட்டு வைக்கவில்லை. பழைய வாஷரையே திரும்பப் போட்டதால் போல்ட் ஓரம் ரெண்டு மாதம் கசிந்தது. உயிரைப் பிடித்து நிறுத்துகிற சாமானை இப்படியா விற்பது? நல்ல வார்ப்பு, நல்ல பிஸ்டன், எல்லாம் சரி. என் மனசு ஒப்பவில்லை.

உன் பழைய காலிப்பரைத் தூக்கிப் போடாதே. டிஸ்க்கிலிருந்து கழற்றி, லீவரை அடித்தால் ஆயில் அழுத்தத்திலேயே பிஸ்டன் வெளியே வரும். உள்சுவர் நன்றாக இருந்தால் புது பிஸ்டனும் சீல் கிட்டும் போதும். ரெண்டு செம்பு வாஷரும், மூடி திறக்காத டாட் 4 பாட்டிலும் வாங்கி வை. வண்டியை எடுக்காதே, ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். சைக்கிள் ட்யூப் என்னிடம் இருக்கிறது.