முதலிலேயே அளவா, பிறகு வெட்டா?

500 சொல்லில் ஒரு சிறுகதை வேண்டும். அளவை மனதில் வைத்தே எழுதுவதா, தோன்றியதையெல்லாம் எழுதிவிட்டுப் பிறகு வெட்டுவதா?

முதல் வழியில் கதையின் அமைப்பே மாறும். பாத்திரங்கள் இரண்டோடு நிற்கும், காட்சி ஒன்றுதான், சம்பவத்தின் நடுவில் தொடங்கியாக வேண்டும். சரியாக 100 சொல்லில் அமையும் ‘டிராபிள்’ வடிவத்துக்கு இதுதான் தோது. ஆனால் எண்ணிக்கொண்டே எழுதினால் நடை விறைத்துப்போகும்.

இரண்டாவதில் 900 சொல் வந்து விழும். வெட்டும்போதுதான் நம் பழக்கங்கள் பிடிபடும். ‘அவளுக்குக் கோபம் வந்தது. கதவை அறைந்து சாத்தினாள்.’ இதில் முதல் வாக்கியம் எதற்கு? வானிலை வர்ணனை, முன்கதை, கடைசிப் பத்தியில் வாசகருக்கு எடுத்துச் சொல்லும் விளக்கம் எல்லாமே பெரும்பாலும் போய்விடும். ஆசையாக எழுதிய உவமையும்தான். வலிக்கும், நேரமும் பிடிக்கும்.

நான் இரண்டாவது கட்சி. 100 சொல் கதை என்றால் மட்டும் முதல் வழி.

தமிழில் இன்னொரு வேடிக்கை: ‘வந்து கொண்டிருந்தான்’ பிரித்தால் கணினிக்கு இரண்டு சொல், சேர்த்தால் ஒன்று. இப்படி இடைவெளிகளை அழித்தே 500-க்குள் கொண்டுவந்த கதை ஒன்று என்னிடமும் இருக்கிறது. ஒரு வரிகூட மேம்படவில்லை.