பட்டாசுக்குப் பயப்படும் நாய்க்கு இறுக்குச் சட்டை வாங்கலாமா?

பினாங்கில் நாய் வளர்ப்பவர்களுக்குத் தீபாவளி மட்டும் கவலை இல்லை. நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள், அதிலும் எட்டாம் நாள் நள்ளிரவு தி கோங் என்ற வானக் கடவுளின் வழிபாட்டுக்கு ஹொக்கியன் சீனக் குடும்பங்கள் கொளுத்தும் பட்டாசு இருக்கிறதே, ஜெலுத்தோங்கில் எங்கள் தாமானே, அதாவது குடியிருப்பே அதிரும். எங்கள் பிரவுனி அந்த நேரத்தில் குளியலறை மூலையில் ஒடுங்கி, எச்சில் ஒழுக நடுங்குவாள். அவளுக்காக வாங்கியதுதான் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றி இறுக்கி ஒட்டும் இந்தச் சட்டை. விலை நூறு வெள்ளிக்கு மேல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லேசாகப் பயப்படும் நாய்க்கு இது கைகொடுக்கும், ஆனால் பயத்தில் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும் நாய்க்கு இது மட்டும் போதவே போதாது. பிரவுனிக்கு நடுக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது, பெரிய வாணம் வெடித்தால் மட்டும் இன்னும் ஓடி ஒளிகிறாள். இந்த மாதிரி சட்டைகளைப் பற்றி நடந்த ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை, சில நாய்களுக்குப் பலன் தெரிகிறது, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை.

எனக்குப் பிடிக்காதது அந்த வெல்க்ரோ. சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கென்று தைத்துவிட்டு, பிரிக்கும்போது சர்ரென்று கிழிகிற சத்தம் வருகிற மாதிரியா செய்வது? பிரவுனி காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கினாள். அதனால் வேறு அறையில் பிரித்து வைத்துவிட்டுத்தான் எடுத்து வருவேன், கழற்றும்போது ஒட்டின இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்து மெல்லப் பிரிப்பேன். நாயின் ரோமமும் அதில் நிறைய சிக்கும், பழைய சீப்பால் வாரி எடுக்க வேண்டும்.

அடுத்தது நம் ஊர் வெயில். துணி தடிமனாக இருப்பதால் மின்விசிறியோ ஏர்கோனோ இல்லாமல் போட்டுவிடாதீர்கள். நாய் மூச்சிரைப்பது பயத்தாலா புழுக்கத்தாலா என்று பார்த்த உடனே பிரித்துச் சொல்ல முடியாது, சந்தேகம் வந்தால் கழற்றிவிடுவதே நல்லது. அப்புறம் ஒன்று, வெடிச் சத்தம் வரும்போது மட்டும் போட்டால் சட்டையைக் கண்டாலே நாய்க்குக் கிலி பிடித்துவிடும், அதனால் சாதாரண நாளிலும் போட்டுவிட்டுக் கோழித்துண்டு கொடுத்துப் பழக்குங்கள்.

உண்மையில் அவளை மாற்றியது சட்டையைவிட பயிற்சிதான் என்று நினைக்கிறேன். பட்டாசு, இடி சத்தங்களைக் கைப்பேசியில் அவள் கண்டுகொள்ளாத அளவுக்கு மெதுவாக வைத்து, அது ஒலிக்கும்போதே சாப்பிடக் கொடுப்பது, பல வாரங்களில் சிறுகச் சிறுக ஒலியைக் கூட்டுவது, அவள் முகத்தைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ உடனே குறைத்துவிடுவது. பண்டிகை இரவில் சன்னலை மூடி, திரைச்சீலை இழுத்து, வானொலியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தடவிக்கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று பலர் சொல்கிறார்கள், அது சரியில்லை, ஆறுதல் தேடி வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

பயம் கடுமையாக இருந்தால் சட்டைக்குச் செலவழிக்கும் முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ட்ராசடோன், கேபாபென்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன, நாயின் எடையையும் உடல்நிலையையும் பார்த்து அவர்தான் அளவு சொல்ல வேண்டும், சில வாரம் முன்பே போனால் அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துவிடலாம். உடலைத் தளரவைக்கும் ஏஸ்புரோமசின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும், ஆனால் பயம் உள்ளே அப்படியே இருக்கும், அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுக்கவே கூடாது.

சட்டை வாங்குவது என்று முடிவு செய்தால், எடையைப் பார்த்து மட்டும் வாங்காமல் முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். நாயைக் கூட்டிவந்து கடையிலேயே போட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், எங்களுக்கு விட்டார்கள், சரியான அளவு கிடைத்ததே அதனால்தான்.