கொழும்பில் செய்வித்த கை ஈர்ப்புக் கோரர்: ஒரு மதிப்பீடு

கொழும்பின் பேர வாவியின் அடியிலுள்ள கறுத்த சேற்றின் மேற்படை தண்ணீரைவிடச் சற்றே தடித்தது. அந்தப் படை கலையாமல் மேலே வருகிறதா என்பதைக் கொண்டே ஒரு கோரரை, அதாவது தன் பாரத்தால் இறங்கி அடிச்சேற்றைக் குழாய்க்குள் தூணாக எடுத்துவரும் கருவியை, மதிப்பிட வேண்டும். கொழும்பு லேத் பட்டறையொன்றில் எங்கள் ஆய்வுகூடத்துக்காகச் செய்வித்த இந்தக் கோரர் அதில் தேறிவிட்டது.

6 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள தெளிந்த அக்ரிலிக் குழாயின் தலையில் உருக்குப் பாரம் பொருத்தப்பட்டுள்ளது. கயிற்றின் வழியே இறங்கும் மெசெஞ்சர் எனும் சிறு எடை தட்டியதும் மேல்மூடி இறுக அடைத்துக்கொள்ள, உள்ளே உண்டாகும் உறிஞ்சல் அடையலை (குழாய்க்குள் புகுந்த சேற்றை) நழுவ விடாமல் தாங்குகிறது. எக்மன் கிரேப் எனும், தாடைபோல் மூடும் அள்ளுகருவியில் அள்ளினால் மேற்படையும் கீழ்ப்படையும் கலந்துவிடும்; இதில் சேற்றின் மேல் நின்ற தண்ணீர் தெளிவாகவே இருந்தது, பச்சைப் பாசிப் படலங்கூடக் குலையவில்லை. ஆனால் கருவியை மெல்ல இறக்க வேண்டும். வேகமாக விட்டால் குழாய்க்கு முன்னே தள்ளப்படும் நீரே மென்படையை ஒதுக்கிவிடும். சேற்றைத் தொடுவது அக்ரிலிக் மட்டுமே என்பதால், உலோக அளவீடு செய்பவர்களுக்கு உருக்கிலிருந்து குரோமியமோ நிக்கலோ கலக்குமென்ற கவலையும் குறைவு.

குறை, அடையலைக் கீழிருந்து தள்ளித் துண்டாக்கும் உந்துதண்டில் இருக்கிறது. அதன் இறப்பர் வளையம் தளர்வாக இருப்பதால் சேறு குழாய்ச் சுவரோரம் பூசிக்கொள்கிறது. இது சிறிய குறையன்று. ஏறத்தாழ 22 ஆண்டு அரைவாழ்வுள்ள (அக்காலத்தில் பாதியாகக் குறையும்) கதிரியக்க ஈயம்-210 கொண்டு படைகளின் வயதைக் கணிக்கும்போது, மேலிருந்து இழுபட்ட புதுச்சேறு கீழ்த்துண்டுகளை உள்ளதைவிட இளமையாகக் காட்டும். மாற்று வளையம் தருவதாகப் பட்டறையினர் சொல்லியும் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை ஒவ்வொரு துண்டின் வெளி விளிம்பையும் சில மில்லிமீற்றர் வெட்டி எறிந்தே வேலை செய்கிறோம்.

ஒரு சென்ரிமீற்றர் துண்டொன்றில் 28 கன சென்ரிமீற்றர் ஈரச்சேறே கிடைக்கிறது. விளிம்பை வெட்டி, 105 பாகை செல்சியசில் உலர்த்தியபின் எஞ்சுவது சில கிராம்தான். 550 பாகையில் நான்கு மணிநேரம் எரித்து, எடையிழப்பிலிருந்து சேதனப் பொருளைக் கணிக்க இது தாராளம். அதே துண்டில் ஈயம்-210 அளவீடும் துணிக்கைப் பருமன் பகுப்பும் செய்ய விரும்புவோர் 8 சென்ரிமீற்றர் குழாயாகச் செய்விப்பது நல்லது. மணல் அடித்தளத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம்: குழாய் ஆழ இறங்காது, இறங்கிய அளவும் தூக்கும்போது சரிந்துவிடும்.