டப்ளினிலிருந்து கடை போடப் போகிறவருக்கு: லண்டனா, சிட்னியா?

மோர் ஊற்றிப் பிசைந்து, மேலே சிலுவைக் கீறல் போட்டுச் சுடும் சோடா ரொட்டிக்குச் சின்னதாக ஒரு கடை. ஐரிஷ்காரர் முதலில் பார்க்க வேண்டியது வாடகையை அல்ல, விசாவை.

லண்டன்: விசாவே வேண்டாம். பொதுப் பயணப் பகுதி ஏற்பாட்டால் (அயர்லாந்து, பிரிட்டன் மக்கள் பரஸ்பரம் போய்த் தங்கி வேலை பார்க்க விடும் ஏற்பாடு) போன மறுநாளே தொழில் தொடங்கலாம், கடை படுத்துவிட்டாலும் யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள்.
சிட்னி: 35 வயது வரை வொர்க்கிங் ஹாலிடே விசா (சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய விடும் விசா), முதலில் ஒரு வருடம்தான். நீட்டிக்க வெளியூரில் 88 நாள் பண்ணை வேலை மாதிரி ஏதாவது பார்க்க வேண்டும். அதுவரை அடுப்பை யார் பார்ப்பது?

விற்பனை வரிக்குக் கட்டாயப் பதிவு: லண்டனில் ஆண்டு விற்பனை 90,000 பவுண்டுக்கு மேல் போனால், சிட்னியில் 75,000 ஆஸ்திரேலிய டாலரிலேயே.

கடைதான் லட்சியம் என்றால் லண்டன். கொஞ்சம் சம்பாதித்து, நிரந்தரமாகத் தங்க வழி பார்த்து, அப்புறம் கடை என்றால் சிட்னியும் சரி.